அதிர்ந்தது எது, அதிர வைத்தது எது?

(கரியாஹாட்டில் நடந்த நமது காலாண்டுக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத அங்கத்தினர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் வெளியிடுகிறோம். - ஆசிரியர்)



செயலாளர் போன மாதம் ஆத்துக்கு வந்து, "மாமா, அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும்" என்றார். பழைய ஜீப்பில் வரும் நடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஒரு நிமிஷம் மௌனமாகி விட்டார். என் ஆத்துக்காரி உள்ளேயிருந்து, "ஏன்னா, எல்லாரும் கதை, கச்சேரின்னு பேசறா. நீங்க ஷாஃப்டு, ஸ்பேனருன்னு பேசப் போறேளா?" என்றாள். ஆமாம், அதைத்தான் பேசப் போகிறேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டால், இது வண்டியைப் பற்றி மட்டும் இல்லை என்பது தெரிய வரும்.

போன நவம்பரில் நம்மில் ஏழெட்டுப் பேர் சந்தக்ஃபூ போய் வந்தோம். சியால்தாவில் தார்ஜிலிங் மெயில் ஏறி, நியூ ஜல்பைகுரியில் இறங்கி, அங்கிருந்து மானேபஞ்ஜாங். அதற்கு மேல் சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை. உச்சி 3,636 மீட்டர். அந்தப் பாதையில் பல ஆண்டுகளாக மக்களை ஏற்றிச் சென்றவை 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனவை என்று சொல்வார்கள். பாதையில் கான்கிரீட் போட்ட பிறகு பொலேரோ போன்ற வண்டிகளும் வர ஆரம்பித்து விட்டன. ஆனாலும் நாங்கள் பிடிவாதமாக ஒரு பழைய லேண்ட் ரோவரையே பிடித்தோம். என்னைவிட நாலைந்து வயது குறைந்த வண்டி!

மானேபஞ்ஜாங்கிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில், சித்ரே என்ற இடத்தில், டிரைவர் வண்டியை நிறுத்தினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, தெரியவும் இல்லை. அவர் இறங்கி, நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தார். அவர் அங்கே என்ன செய்தார் என்று கடைசியில் சொல்கிறேன். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தபோது, எனக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பு பார்த்த இன்னொரு ஜோடிக் கால்கள் ஞாபகம் வந்தன. இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

டம்ளர் சொன்ன பாடம்

முதலில் நம் கரியாஹாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் முடித்து, மத்திய அரசு வேலையில் 1973இல் கல்கத்தா வந்தேன். ராஷ்பிஹாரி அவென்யூவில் மாடிப் போர்ஷன் ஒன்றில் குடியிருந்தோம். வாசலில் டிராம் ஓடிய காலம். டிராம் போகும்போதெல்லாம் சமையலறை அலமாரியில் 'கிணிகிணி' என்று ஒரு சத்தம். வரிசையாகப் பத்து எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதில் ஒரே ஒரு டம்ளர்தான் பாடும். மற்ற ஒன்பதும் மௌனம். என் தாயார் அந்த டம்ளரை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு, "சனியன், ஒழிஞ்சுது" என்றாள். அடுத்த டிராம் வந்தபோது தாளிக்கும் கரண்டி பாடிற்று.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் இயற்கையான அதிர்வு எண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அந்த எண்ணோடு பொருந்தும்போது அந்தப் பொருள் மட்டும் பெரிதாக ஆடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கல்லூரியில் ஸோனோமீட்டர் கம்பியின் மேல் காகிதத் துண்டு வைத்துச் செய்து பார்த்த பரிசோதனைதான். அதிர்ந்தது டம்ளர், அதிர வைத்தது டிராம். சத்தம் போடுகிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு. இதை எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். ஆனால் தேவைப்பட்ட சமயத்தில் அது என் புத்திக்கு எட்டவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி

பெண்மணிகளுக்காகவும், ஸ்கூட்டரோடு நின்று விட்டவர்களுக்காகவும் ஜீப்பின் உள் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னால் எஞ்சின். அதை ஒட்டி கிளட்ச், பின்பு கியர் பாக்ஸ். ஜீப்பில் இதற்கு அப்பால் இன்னொரு பெட்டி உண்டு. அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். அதுதான் சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் ஒரு பங்கைப் பின் சக்கரங்களுக்கும் அனுப்புவது. அனுப்பும் வழி, புரொப்பல்லர் ஷாஃப்ட் என்னும் இரும்புக் குழாய். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இங்கே ஒரு சிக்கல். டிரான்ஸ்ஃபர் கேஸ் சட்டத்தோடு நிலையாக நிற்கிறது. சக்கரங்களோ ஸ்பிரிங் பட்டைகளின் மேல் மேலும் கீழும் ஆடுகின்றன. ஆகவே ஷாஃப்ட் சாய்வாகவும் இருக்க வேண்டும், சுற்றவும் வேண்டும், நீளம் கூடிக் குறையவும் வேண்டும். நீளத்துக்காக, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வெட்டிய இரண்டு துண்டுகள். சாய்வுக்காக இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட். இரண்டு கவைகள், நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு துண்டு. மெக்கானிக்குகள் அதைக் 'கிராஸ்' என்பார்கள். ஸ்பிரிங்கின் விதியைச் சொன்னாரே ராபர்ட் ஹூக், அவரே 17ஆம் நூற்றாண்டில் இந்த மூட்டையும் விவரித்திருக்கிறார். அதனால் ஹூக் மூட்டு என்றும் சொல்வதுண்டு.

இந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம். சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல் போய்விடும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போகும் பழைய ஜீப்பை எடுத்துக்கொள்வோம். சக்கரம் விநாடிக்கு ஆறு சுற்று சுற்றும். பின் அச்சின் விகிதம் 5.38 என்றால் ஷாஃப்ட் விநாடிக்குச் சுமார் 33 சுற்று. மூட்டின் இந்தக் கூடலும் குறைதலும் அதில் இரட்டிப்பு, அதாவது விநாடிக்கு 66 முறைக்கு மேல்.

அப்படியானால் எல்லா ஜீப்பும் நடுங்க வேண்டுமே? இல்லை. ஏனென்றால் மூட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒரு குமாஸ்தா வரவில் ஒரு ரூபாய் கூட்டி எழுதுகிறார், அடுத்த குமாஸ்தா அதே நேரத்தில் ஒரு ரூபாய் குறைத்து எழுதுகிறார். கடைசியில் கணக்கு சரியாகி விடுகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு முனையிலும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். பல் வெட்டிய அந்த இரண்டு துண்டுகளைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டி விட்டால் கவைகள் நேரில் இராது. பதினாறு பல் உள்ள ஷாஃப்டில் ஒரு பல் என்பது 22.5 டிகிரி. அப்போது இரண்டாவது குமாஸ்தா தப்பான நேரத்தில் குறைத்து எழுதுவார். கணக்கு டாலி ஆகாது. இந்தத் தவறு நேராமல் இருக்கத்தான் பல ஷாஃப்டுகளில் இரண்டு துண்டிலும் ஒவ்வோர் அம்புக் குறி போட்டிருப்பார்கள். அம்பும் அம்பும் எதிரெதிரே வர வேண்டும்.

1985, ஜல்பைகுரி

1985இல் எனக்கு முப்பத்து நான்கு வயது. ஜல்பைகுரி மாவட்டத்தில் எங்கள் இலாகாவின் முகாம் அலுவலகம் ஒன்றுக்கு நிர்வாகப் பொறுப்பில் இருந்தேன். இலாகாவின் பெயர் வேண்டாம். ஒரு ஜீப், ஒரு டிரைவர். டிரைவர் கூச்பெஹார்காரர், வங்காளி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊர் வழக்கப்படி நான் அவரை 'தாதா' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'ஸார்' என்பார்.

ஜீப்பின் பின் ஷாஃப்டுக்குக் கிராஸ் மாற்ற, வெளியே ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். திரும்பி வந்த அன்றே அவர் என் மேஜை முன்னால் வந்து நின்று, "காடி காம்ப்சே, ஸார்" என்றார். வண்டி நடுங்குகிறது என்று அர்த்தம். "பழைய வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? லாக் புக்கில் எழுதி வை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் எழுதி வைத்தார்.

அரசாங்க வண்டியின் லாக் புக் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். கிளம்பிய நேரம், மீட்டர் எண், போன இடம், பெட்ரோல், கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதிகாரியின் இனிஷியல். நான் தினமும் சாயங்காலம் இனிஷியல் போட்டேன்.

பட்டறைக்குக் கடிதம் எழுதினோம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது, மோசமான ரோட்டில் வேகமாக ஓட்டியதே காரணம் என்று பதில் வந்தது. ரப்பர் மாற்றினோம். நடுக்கம் போகவில்லை. டயர் என்றார்கள், இடம் மாற்றிப் போட்டோம். கிளட்ச் பிளேட் என்றார்கள், மாற்றினோம். ஒவ்வொரு முறையும் எது ஆடுகிறதோ அதை மாற்றினோம். என் தாயார் டம்ளரைப் பரண் மேல் வைத்தாளே, அதே வைத்தியம். நாலு மாதத்தில் ஃபைல் தடித்தது. வண்டி மட்டும் அப்படியே நடுங்கிற்று.

டிசம்பரில் ஒரு நாள், சால்சாவிலிருந்து லாட்டாகுரி வழியாகத் திரும்பிக் கொண்டிருந்தோம். இரு பக்கமும் காடு. பொழுது சாயும் நேரம். திடீரென்று அடியில் பெரிய சத்தம், யாரோ உலக்கையால் தரையை இடித்த மாதிரி. டிரைவர் சட்டென்று கிளட்சை மிதித்து, பதற்றமே இல்லாமல் வண்டியை ஓரம் கட்டினார். பின் ஷாஃப்டின் கிராஸ் உடைந்து, ஒரு முனை கழன்று தரையில் அடித்துக் கொண்டிருந்தது. முன் முனை கழன்று ரோட்டில் குத்தியிருந்தால் வண்டியே தூக்கி எறியப்பட்டிருக்கும். எங்கள் நல்ல காலம், கழன்றது பின் முனை.

யானை நடமாடும் இடம். நான் வண்டிக்குள் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக் கொண்டிருந்தேன். அவர் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே, கல் எதற்கு?" என்று கேட்டேன். "இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் இந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, ஸார். ஷாஃப்டைக் கழற்றினால் பிரேக் ஏது?" என்றார். பழைய ஜீப், லேண்ட் ரோவர் பலவற்றிலும் அப்படித்தான். பிறகு அடியில் நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அரை மணி நேரத்தில் ஷாஃப்டை முழுவதும் கழற்றி, பின்னால் என் காலடியில் கொண்டு வந்து போட்டார். நான்கு சக்கர லீவரைப் போட்டார். பின் சக்கரங்களுக்குச் சக்தி போகாது, முன் சக்கரங்கள் மட்டும் வண்டியை இழுக்கும். அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம்.

வழியில் அவர் ஒரு தடவை திரும்பி, "பார்த்தீர்களா ஸார், இப்போது நடுக்கம் இல்லை" என்றார். உண்மைதான். நாலு மாதத்தில் முதல் முறையாக வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிற்று. பின் ஷாஃப்ட் போனதும் நடுக்கமும் போயிற்று என்றால் குற்றவாளி யார் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் சொல்வான். குற்றவாளி என் காலடியிலேயே கிடந்தது. குனிந்து பார்த்திருந்தால் கவைகள் நேரில் இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும். நான், "சரி, சரி, ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

பிறகு விசாரணை. நடுக்கம் இருப்பது தெரிந்தும் தொடர்ந்து ஓட்டியதால் சேதம், டிரைவரின் கவனக் குறைவு என்று அறிக்கை வந்தது. ஆடிட் கேள்வி ஒன்றும் தலைக்கு மேல் தொங்கிற்று. சம்பளத்தில் மாதம் 25 ரூபாய் வீதம், 24 மாதம், மொத்தம் 600 ரூபாய் பிடித்தம். உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் காலத்து 25 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில். வண்டி நடுங்கியபோது ஸ்டியரிங் பிடித்திருந்தவர் அவர். அதனால் பழி அவர் மேல். மறுபடியும் டம்ளர்தான்.

மல்லிக் பஜாரில் ஓர் அம்பு

1988இல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவர் தம் பழைய வண்டிக்குச் சாமான் வாங்க மல்லிக் பஜார் போனார். பழைய மோட்டார் சாமான்களுக்குப் பேர் போன இடம். நானும் கூடப் போனேன். ஒரு பட்டறையில் வயதான மிஸ்திரி ஒருவர், ஒரு ஷாஃப்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பார்த்தார். பிறகு உதவிப் பையனின் முதுகில் ஒன்று வைத்து, "தீர் மிலா!" என்றார். அம்பைச் சேர் என்று பொருள். பையன் ஷாஃப்டை இழுத்துப் பிரித்து, ஒரு பல் தள்ளி மறுபடி சொருகினான். "ஒரு பல் மாறினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "வண்டி நடுங்கும், பாபு. அப்புறம் எஞ்சினைப் பிரிப்பார்கள், கிளட்சைப் பிரிப்பார்கள். இதை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து விட்டது. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்து ஹூக் மூட்டின் கணக்கைப் போட்டேன். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை.

திங்கட்கிழமையே எழுதி, ஜல்பைகுரியிலிருந்து பழைய லாக் புக்கை வரவழைத்தேன். ரிமார்க்ஸ் கட்டத்தை அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன். உடைந்த ஆங்கிலமும் வங்காளமும் கலந்து, நாலு மாதத்தில் ஐந்து விஷயங்கள் எழுதியிருந்தார். அவற்றை அப்படியே சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக் கொள்ளலாம். நடுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

ஒன்று: "பட்டறையிலிருந்து வந்த நாள் முதல்." எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. தொட்டது ஷாஃப்ட்.

இரண்டு: "நாற்பதுக்கு மேல் வருகிறது, ஐம்பத்தைந்துக்கு மேல் குறைகிறது." வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மாறுகிறது, ஒரு வேகத்தில் உச்சம். இது ஒத்ததிர்வு.

மூன்று: "நியூட்ரலில் விட்டாலும் நிற்கவில்லை." இதுதான் பொன்னான வரி. டாப் கியரில், அந்த ஜீப்பில், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆகவே எது குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலியான சமதள ரோட்டில் ஒரு கணம் நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அடங்கி விடும், ஷாஃப்ட் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். நடுக்கம் நின்றால் எஞ்சின் பக்கம் பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் எஞ்சினும் கிளட்சும் நிரபராதிகள். இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் மவுண்டிங்கும் கிளட்ச் பிளேட்டும் வாங்கியிருக்க மாட்டோம்.

நான்கு: "ஸ்டியரிங்கில் இல்லை. ஸீட்டிலும் தரையிலும், வண்டு முரல்வது போல." சக்கரத்தின் கோளாறு விநாடிக்கு ஐந்தாறு ஆட்டம், கைக்குத் தெரியும் மெதுவான உதறல். ஷாஃப்டின் கோளாறு விநாடிக்கு முப்பதோ அறுபதோ, ரீங்காரமாக வரும். டயரும் நிரபராதி.

ஐந்து: "காலி வண்டியில் அதிகம். நாலு பேர் ஏறினால் குறைவு." ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், ஷாஃப்டின் சாய்வு குறையும். சாய்வு குறைந்தால் மூட்டின் ஏற்றத்தாழ்வும் குறையும். ஃபிஸிக்ஸ் படித்த நான் எழுதியிருக்க வேண்டிய வரி இது. எட்டாம் வகுப்பு படித்த அவர் எழுதியிருந்தார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் இனிஷியல் அழகாக இருந்தது.

பிடித்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். முடிந்து போன விஷயம், மறுபடி திறக்க இயலாது என்று திரும்பி வந்தது. இன்னொரு முறை எழுதினேன். அதே பதில். மூன்றாவது முறை நான் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

1990 பூஜை விடுமுறையில் கூச்பெஹார் போனேன். அவர் ரிட்டயராகி இருந்தார். தகர வேய்ந்த வீடு, வாசலில் பாக்கு மரங்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், டீ வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை 'தாதா' என்று கூப்பிட்டேன். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். அறுநூறு ரூபாய். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "கொடுங்கள் ஸார், இது என் பணம்" என்று வாங்கி, எண்ணிப் பார்த்து, உள்ளே கொண்டு வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், "ஒன்று கேட்கட்டுமா ஸார்? நான் எழுதியதை அப்போது படித்தீர்களா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பாக்கு மரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "டீ ஆறிப் போகிறது, சாப்பிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மீதி இருந்த பதினெட்டு வருஷ உத்தியோகத்தில், கீழே வேலை செய்தவர் எழுதிய குறிப்பைப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. சில ஃபைல்கள் அதனால் தாமதமாயின. திட்டும் வாங்கினேன்.

சித்ரேயில் நடந்தது

இப்போது சந்தக்ஃபூ டிரைவருக்கு வருகிறேன். வண்டிக்கு அடியில் அவர் என்ன செய்தார்? இரண்டு கையாலும் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கிப் பார்த்தார். கிராஸில் லேசான ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியும். மூட்டைச் சுற்றித் துருப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்த்தார். அது இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று பொருள். டிரான்ஸ்ஃபர் கேஸ் வாயில் எண்ணெய் கசிகிறதா என்று தடவிப் பார்த்தார். நாள்பட்ட நடுக்கம் ஆயில் ஸீலைத் தின்று விடும். கடைசியில், பின் அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு கட்டும் யு வடிவப் போல்ட்டில் ஒரு நட் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து முறுக்கினார். அது தளர்ந்தால் அச்சு தன் இடத்தில் நிற்காது, ஷாஃப்டின் சாய்வு மாறி விடும்.

"எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது பாய்?" என்று கேட்டேன். "கிளம்பும்போது ஒரு 'டக்'. காதில் இல்லை, காலில்" என்றார். வண்டியின் சொந்தக்காரர் வேறொருவராம். "சொன்னால் கேட்பாரா?" என்றேன். "கேட்பார். அவரும் இதே ரோட்டில் ஓட்டியவர்தானே" என்று சிரித்தார்.

அங்கே கூட வந்த இளைஞர் ஒருவர், "மாமா, எங்கள் காரில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை. 1983இல் வந்த மாருதி 800 முதல் நம் சின்னக் கார்கள் அநேகமாக முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. நீள ஷாஃப்ட் கிடையாது. குண்டுகள் வைத்த சீர்வேக மூட்டுதான். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'கட கட' என்று சத்தம் வந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு துண்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்கள், திரும்பச் சொருகும்போது அதுவே அம்பு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் மணியைப் பார்க்கிறார். அந்த லாக் புக்கின் ஐந்து வரிகளை அன்றே ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்துக் கொண்டேன். அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எழுதியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தத் தாள் ஒன்றுதான்.

 காபி தயாராகி விட்டதாகத் தெரிகிறது.